நரம்புத்திசு அழற்சியும் மூளை நோய்களும்: தணிப்பதா, விட்டுவைப்பதா?

ஆய்வுச் சுருக்கம்

மூளையைத் தாக்கும் பல நோய்களில் திசுச் சிதைவுக்கு நோய்க்காரணி மட்டுமன்றி, அதற்கு உடல் ஆற்றும் அழற்சி எதிர்வினையும் காரணமாகிறது. எனினும், அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் சில நோய்களில் உயிர்காத்துள்ளன; சிலவற்றில் பயனற்றுப் போயின; தலைக்காயத்தில் இறப்பை மிகுவித்தன. மூளை நாடாப்புழு நோய், காசநோய் மூளையுறை அழற்சி, தலைக்காயம், அல்சைமர் நோய், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றில் நடந்த மருத்துவச் சோதனைகளை முன்வைத்து இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அழற்சி, மைக்ரோகிளியா, இரத்த–மூளைத் தடுப்பு, நாடாப்புழு, ஸ்டீராய்டு, அல்சைமர் நோய்

முன்னுரை

பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மனித மூளைத் திசுவினுள் சிறு நீர்ப்பையாகத் தங்கி ஆண்டுக்கணக்கில் உயிர்வாழக்கூடும். அக்காலத்தில் அதனைச் சுமந்திருப்பவர் பெரும்பாலும் எத்தொல்லையும் உணர்வதில்லை. புழு சாகத் தொடங்கும்போதுதான் முதல் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரித்தானியப் படைவீரர்களிடையே இந்நோய் நெடுங்காலம் கண்காணிக்கப்பட்டது. டிக்சன், லிப்ஸ்கோம்ப் ஆகிய இருவர் 1961இல் 450 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். தொற்று நேர்ந்திருக்கக்கூடிய காலத்துக்கும் முதல் வலிப்புக்கும் இடையே பலருக்கு ஆண்டுகள் பல கடந்திருந்தமை அத்தொகுப்பால் அறியப்பட்டது.

உயிரோடிருந்தபோது விளைக்காத கேட்டைப் புழு இறக்கும்போது விளைப்பது ஏன்? கேடு புழுவின் செயலன்று. புழுவை இனங்கண்டு தாக்கும் உடலின் செயல் என்பதே விடை. நரம்புத்திசு அழற்சி குறித்த ஆய்வின் மையச் சிக்கல் இவ்விடையில் அடங்கியுள்ளது. அழற்சிதான் கேடு செய்கிறது எனில் அதை அடக்கிவிட்டால் நோய் தீருமா? கடந்த 25 ஆண்டுகளில் இவ்வினா பல நோய்களில் நேரடியாகச் சோதிக்கப்பட்டுள்ளது. கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றுகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்னும் பொதுவழக்கு மூளையின் உறைகளில் தோன்றும் நோயையும் மூளைத் திசுவில் தோன்றும் நோயையும் ஒருங்கே குறிக்கிறது. மருத்துவ நூல்களில் ‘மூளை அழற்சி’ என்பது பெரும்பாலும் நச்சுயிரியாலோ தன்னெதிர்ப்பாலோ வரும் திடீர் நோயைக் குறிக்கும். ‘நரம்பழற்சி’ என்பது கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளின் நோய்க்கு ஆளப்படுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் எக்காரணத்தாலும் தோன்றும் அழற்சி எதிர்வினைகள் அனைத்தையும் சுட்டுவதற்கு இக்கட்டுரையில் ‘நரம்புத்திசு அழற்சி’ என்னும் தொடர் ஆளப்படுகிறது.

அழற்சி என்னும் சொல் ‘அழல்’ என்பதன் அடியாகப் பிறந்தது. இலத்தீன் வழிவந்த ஐரோப்பியச் சொல்லும் தீ என்னும் பொருளையே உட்கொண்டுள்ளது. தோலில் ஏற்படும் அழற்சிக்கு இப்பெயர் பொருந்தும். சிவப்பு, வெம்மை, வீக்கம், வலி ஆகிய நான்கும் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. அங்கு நிகழும் அழற்சி பல நேரங்களில் நுண்ணோக்கியில் மட்டுமே புலப்படும் அளவுக்கு மெல்லியது. மேலும், தீ என்றதும் அணைக்க வேண்டும் என்னும் எண்ணம் உடன் எழுகிறது. பின்னர்க் கூறப்படும் தோல்விகள் சிலவற்றில் இவ்வுருவகத்துக்கும் பங்குண்டு என்பது கட்டுரையாளர் கருத்து.

மூளையின் காவற்செல்கள்

மூளையில் தங்கி வாழும் நோயெதிர்ப்புச் செல்களுள் முதன்மையானது மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பானிய ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஓர்தேகா வெள்ளிக் கார்பனேட்டுச் சாயமுறையைக் கொண்டு இவற்றைப் பிற செல்களிலிருந்து பிரித்துக் காட்டினார். காயமுற்ற இடத்தில் இவை உருமாறிச் சிதைவுகளை விழுங்குவதையும் அவரே பதிவு செய்தார். கருவின் மஞ்சட்கருப்பையில் தோன்றும் முன்னோடிச் செல்கள் மூளையிற் குடியேறி மைக்ரோகிளியா ஆகின்றன என்பது 2010இல் சுண்டெலிகளில் நிறுவப்பட்டது. குருதியிலிருந்து அவ்வப்போது வந்து சேரும் வெள்ளணுக்கள் அல்ல அவை. உயிருள்ள சுண்டெலியின் மூளையை 2005இல் படம்பிடித்தபோது, அதுவரை ‘ஓய்வு நிலை’ என்று நூல்கள் எழுதிவந்த மைக்ரோகிளியா தம் கிளைகளை இடைவிடாது நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன.

இவை காவல் மட்டும் செய்வன அல்ல. வளரும் மூளையில் தேவைக்கு மிஞ்சிய நரம்பிணைப்புகளைக் களைவது இவற்றின் இயல்பான பணி. நுண்ணுயிர்களை அடையாளமிடக் குருதி பயன்படுத்தும் காம்ப்ளிமென்ட் புரதங்களே அங்கே களையப்பட வேண்டிய இணைப்புகளுக்கும் அடையாளமாகின்றன. அழற்சிக்கருவி எனப்படுவது இயல்பான மூளை வளர்ச்சிக்கும் கருவி என்பது இதனால் விளங்கும்.

மூளை நோயெதிர்ப்பு மண்டலத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது என்னும் கருத்துக்கு 1948இல் பீட்டர் மெடவர் செய்த ஒட்டுத்தோல் ஆய்வு மேற்கோளாகக் காட்டப்படுவதுண்டு. முயலின் மூளையில் வைத்த அயல் தோல் எதிர்ப்பைத் தூண்டவில்லை என்ற பாதி மட்டுமே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதே தோலுக்கு எதிராக முன்பே எதிர்ப்புப் பெற்ற விலங்கில் மூளையில் வைத்த ஒட்டும் அழிந்தது என்பது மறுபாதி. அதாவது, மூளையிலிருந்து எதிர்ப்பு எளிதில் தொடங்குவதில்லை. ஆனால் வெளியே தொடங்கிய எதிர்ப்பு மூளைக்குள் வந்து செயற்படும்.

இறக்கும் புழு

நாடாப்புழு நோய்க்கு மீள்வோம். பன்றியிறைச்சி உண்பவர்க்கே இந்நோய் வரும் என்னும் கருத்து பரவலாக உள்ளது, அது பிழை. சரியாக வேகாத பன்றியிறைச்சியிலுள்ள நீர்ப்பைகளை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளை நோய் வருவதோ அப்புழுவைக் குடலிற் கொண்டவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகளை உணவு, நீர், கை வழியாக விழுங்குவதால். எனவே புலால் உண்ணாதவர்க்கும் இந்நோய் வருகிறது.

முட்டையிலிருந்து வெளிப்படும் கரு குடற்சுவரைத் துளைத்துக் குருதி வழியே மூளையை அடைந்து நீர்ப்பையாகிறது. உயிருள்ள நீர்ப்பையைச் சுற்றி அழற்சி மிகக் குறைவு. ஏனெனில் புழு அதனை அடக்கிவைக்கிறது. டீனியாஸ்டேட்டின், பாராமயோசின் முதலான புழுப்பொருள்கள் காம்ப்ளிமென்ட் புரதங்களின் செயலைத் தடுக்கின்றன. புழு வலுவிழக்கும்போது இத்தடை நீங்குகிறது. மறைந்திருந்த புழுப்பொருள்கள் கசிய, வெள்ளணுக்கள் சூழ, சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது. அவ்விடத்தில் இரத்த–மூளைத் தடுப்பு நெகிழ்ந்துவிடுவதால், சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது குருதியிற் செலுத்திய சாயப்பொருள் அங்கே கசிந்து ஒளிரும் வளையமாகத் தெரிகிறது. அவ்வளையம் அழற்சியின் படமேயன்றிப் புழுவின் படமன்று.

இவ்வளையத்தைத் தவறாகப் படித்த வரலாறு நம்மிடையே உண்டு. 1980களில் சி.டி. ஸ்கேன் பரவலானபோது, வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரிடம் ஒற்றைச் சிறு வளையம் காணப்பட்டது. காசநோய் மிகுந்த நாடாதலால் அது காசநோய்க் கட்டி எனக் கொள்ளப்பட்டுக் காசநோய் மருந்துகள் மாதக்கணக்கில் தரப்பட்டன. மறு ஸ்கேனில் கட்டி மறைந்திருந்தது. மருந்து பலித்தது, ஆகவே அது காசநோயே என்று முடிவு செய்யப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான மேத்யூ சாண்டி, வேதாந்தம் இராசசேகர் ஆகியோர் அத்தகைய கட்டிகள் சிலவற்றை அறுவை செய்து எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை சிதைந்துவரும் நாடாப்புழு நீர்ப்பைகள் எனத் தெரியவந்தது. 1991இல் வெளியான அவ்வாய்வு, மருந்தால் மறைந்ததாக எண்ணப்பட்டவை தாமாகவே மறைந்தவை என்பதைக் காட்டியது. வளையம் 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை, மூளையின் நடுக்கோடு விலகுமளவு வீக்கமின்மை, தலையினுள் அழுத்தம் மிகுந்த குறிகளின்மை, நரம்புக் குறைபாடு வளர்ந்துசெல்லாமை முதலியவற்றைக் கொண்டு அறுவையின்றியே நோயைக் கணிக்கும் நெறிகளை அவர்கள் பின்னர் வகுத்தனர். தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும் மண்டையோட்டு அறுவையிலிருந்தும் நோயாளிகளைக் காத்த பணி இது.

புழு தானே இறக்கும் எனில் அதனை மருந்தால் கொல்ல வேண்டுமா? மூளையில் உயிருள்ள நீர்ப்பைகளும் வலிப்பும் கொண்ட 120 பேரிடம் பெரு நாட்டில் நடந்து 2004இல் வெளியான சோதனையில், ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்பெண்டசோலும் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோனும் 10 நாள் தரப்பட்டன; மறுபிரிவினர்க்குப் போலிமருந்து. உடல் முழுதும் தாக்கும் வலிப்புகள் மருந்துபெற்ற பிரிவில் 67 விழுக்காடு குறைந்தன. உடலின் ஒரு பகுதியில் மட்டும் தோன்றும் வலிப்புகளில் ஐயமற்ற பயன் தெரியவில்லை. புழுக்கொல்லியோடு ஸ்டீராய்டும் தரப்பட்டதைக் கருதவேண்டும். புழுவைக் கொல்லும் மருத்துவர் அதன் சாவு எழுப்பும் அழற்சியையும் முன்னறிந்து தணிக்கிறார். நீர்ப்பைகள் எண்ணற்றுப் பரவி மூளை முழுதும் வீங்கிய நோயாளியிடம் இவ்வழியும் ஆகாது. அந்நிலையில் புழுக்கொல்லி தரலாகாது, ஸ்டீராய்டால் வீக்கத்தை மட்டும் தணிக்க வேண்டும் என்பதே மருத்துவ நெறி. அத்தனை புழுக்களும் ஒருசேர இறந்தால் எழும் அழற்சியே உயிரைப் பறித்துவிடும்.

காசநோய் மூளையுறை அழற்சி

காசநோய்க் கிருமி மூளையுறையை அடையும்போது மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான அழற்சிக் கசிவு படிகிறது. அது மூளைத் தண்டுவட நீரின் வழிகளை அடைத்து மூளை அறைகளில் நீரைத் தேக்குகிறது. அவ்வழிச் செல்லும் குருதிக்குழாய்களைச் சுருக்கிப் பக்கவாதத்தை உண்டாக்குகிறது. கிருமிக்கு ஏற்ற மருந்து தொடங்கிய பின்னரும், இறக்கும் கிருமிகள் தூண்டும் அழற்சியால் சிலரிடம் கட்டிகள் பெருப்பதுண்டு. மருந்து பலிக்கவில்லை என நோயாளியின் குடும்பத்தார் அஞ்சுவது இக்கட்டத்தில்தான்.

வியட்நாமில் 14 வயதுக்கு மேற்பட்ட 545 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. காசநோய் மருந்துகளோடு டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் 9 மாதங்களுக்குள் இறந்தோர் 31.8 விழுக்காடு, போலிமருந்து பெற்றவர்களில் 41.3 விழுக்காடு. கிருமியின் மீது எச்செயலும் இல்லாத ஒரு மருந்து இறப்பை இவ்வளவு குறைத்தது, இறப்புகளில் ஒரு பகுதி அழற்சியால் நேர்ந்தது என்பதற்குத் தெளிவான சான்று. ஆயினும் கடும் உடற்குறைபாட்டோடு பிழைத்தோரின் விகிதம் குறைந்ததாக நிறுவப்படவில்லை.

எல்லார்க்கும் பயன் ஒன்றுபோல் இல்லை. வரிக்குதிரை மீன்களில் தொடங்கிய ஆய்வு ஒன்று, எல்.டி.ஏ.4.எச். என்னும் மரபணுவின் வேறுபாடுகளைப் பொறுத்து அழற்சி மிகுந்தாலும் குறைந்தாலும் காசநோய் முற்றுகிறது எனக் காட்டியது. மிகுந்தால் கிருமியை விழுங்கிய செல்கள் வெடித்துக் கிருமி வெளியேறுகிறது. குறைந்தால் கிருமி தடையின்றிப் பெருகுகிறது. வியட்நாம் நோயாளிகளின் மரபணுவை 2012இல் ஒப்பிட்டபோது, அழற்சி மிகும் வகையினரே ஸ்டீராய்டால் பயனடைந்ததாகத் தோன்றியது. இந்தோனேசிய நோயாளிகளிடம் இம்மரபணுவுக்கும் இறப்புக்கும் தொடர்பு புலப்படவில்லை. எச்.ஐ.வி. தொற்றும் உடனிருந்த 520 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குள் இறந்தோர் டெக்சாமெத்தசோன் பிரிவில் 44.1 விழுக்காடு, போலிமருந்துப் பிரிவில் 49.0 விழுக்காடு, இவ்வேறுபாடு தற்செயல் அன்று எனக் கொள்ளப் போதுமானதாக இல்லை.

தலைக்காயம்: எதிர்பாராத விடை

தலையில் அடிபட்டவர்க்கு மூளை வீங்கும்; வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு; எனவே தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு நல்லது. பிழை காண இயலாத தருக்கமாகத் தோன்றும் இது, பல நாடுகளில் பல்லாண்டு நடைமுறையாகவும் இருந்தது. 49 நாடுகளில் 10,008 நோயாளிகளைச் சேர்த்து நடந்த கிராஷ் சோதனை இதனைத் தகர்த்தது. காயத்துக்குப் பின் 48 மணிநேரம் மெத்தில்பிரெட்னிசலோன் பெற்றவர்களில் இரண்டு வாரங்களுக்குள் 21.1 விழுக்காட்டினர் இறந்தனர். போலிமருந்துப் பிரிவில் இறந்தோர் 17.9 விழுக்காட்டினரே. 2004ஆம் ஆண்டில் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

மூளை தன்னைச் சீரமைக்க அழற்சி தேவை என்பதால்தான் இவ்வாறு நேர்ந்தது என உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது. ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் தொடும் மருந்தன்று. குருதிச் சர்க்கரையைக் கூட்டும், பிற தொற்றுகளுக்கு வழிவிடும். மிகுதி இறப்புகளின் காரணம் அச்சோதனையில் தெளிவாகவில்லை. ஆனால் நூறு பேருக்கு மூவர் என்னும் வேறுபாட்டைத் தனி மருத்துவர் எவரும் தம் பட்டறிவால் கண்டிருக்க இயலாது. பத்தாயிரம் பேரைச் சேர்க்கும் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று காண்பது அரிது.

அல்சைமர் நோய்

அல்சைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு படிவுகளைச் சூழ்ந்து மைக்ரோகிளியா நிற்பது நெடுநாள் அறிந்த உண்மை. அவை குற்றவாளிகளா, காவலர்களா? 1990களில் குற்றவாளிகள் என்ற கருத்தே ஓங்கியிருந்தது. மூட்டுவலிக்கு நீண்டகாலம் வலிநீக்கி மருந்துகளை உட்கொண்டோரிடம் அல்சைமர் நோய் குறைவாக இருந்தமை அதற்கு ஊக்கமளித்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,989 பேரைத் தொடர்ந்து கண்ட ஆய்வு (2001), அம்மருந்துகளை இரண்டாண்டுக்கு மேல் உட்கொண்டோர்க்கு நோய் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்ததாகத் தெரிவித்தது. அவ்வெண் கண்ட ஆய்வாளர்கள் நம்பிக்கை கொண்டதில் வியப்பில்லை.

நேரடிச் சோதனைகள் அந்நம்பிக்கையைக் காக்கவில்லை. நோய் தோன்றிய 351 பேரிடம் ரோஃபிகாக்சிப், நாப்ராக்சன் இரண்டும் பயனளிக்கவில்லை (2003). நோய் வருமுன் காக்கும் நோக்கில் 70 வயது கடந்த 2,528 பேரிடம் தொடங்கிய சோதனை, இதயநோய் குறித்த அச்சத்தால் 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது; மருந்துகள் காத்ததற்கான சான்றும் கிடைக்கவில்லை.

மைக்ரோகிளியாவின் மறுமுகம் மரபணு ஆய்வால் தெரிந்தது. அவற்றின் மேற்பரப்பிலுள்ள டிரெம்2 என்னும் ஏற்பியின் செயலைக் குறைக்கும் ஓர் அரிய மரபணு மாற்றம், அல்சைமர் நோய் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்கு கூட்டுவதை 2013இல் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். இவ்வேற்பி முற்றிலும் செயலிழந்தவர்க்கு இளவயதிலேயே மறதிநோயும் எலும்பில் நீர்க்கட்டிகளும் தோன்றும் நாசு–ஹகோலா நோய் வருவது முன்னரே அறியப்பட்டிருந்தது. செயல் மிகுந்த மைக்ரோகிளியா மட்டுமன்றிச் செயலற்ற மைக்ரோகிளியாவும் மூளையைக் கெடுக்கும் என்பது இவற்றால் பெறப்படும். படிவுகளைச் சூழ்ந்து நின்றவை அவற்றை அமுக்கிக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தன எனின், அவற்றை அடக்குவது எவ்வாறு மருந்தாகும்?

இன்றைய மருந்துகள் எதிர்த்திசையில் செல்கின்றன. லெக்கனமாப் என்னும் எதிர்ப்பொருள் அமிலாய்டோடு பிணைந்து, அதனை அகற்றுமாறு மைக்ரோகிளியாவைத் தூண்டுகிறது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் (2022) நோயின் சரிவு 27 விழுக்காடு மெதுவானது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளியே. நோயாளியின் குடும்பத்தார் உணரத்தக்க வேறுபாடா இது என்னும் விவாதம் ஓயவில்லை. மருந்து பெற்றோரில் 12.6 விழுக்காட்டினர்க்கு ஸ்கேனில் மூளை வீக்கம் காணப்பட்டது. குருதிக்குழாய்ச் சுவரிற் படிந்த அமிலாய்டை எதிர்ப்பொருள் தாக்குவதால் சுவர் கசிவதே காரணம் எனக் கருதப்படுகிறது. நெடுங்காலம் தங்கியிருந்த ஒன்றை மூளையிலிருந்து அகற்ற முனையும்போது வீக்கம் தோன்றுவதை நாடாப்புழுவிலும் கண்டோம்.

அழற்சியே நோயாகும்போது

தண்டுவட மரப்பு நோயில் நிலைமை வேறு. இங்கே அகற்றுவதற்குப் புழுவோ படிவோ இல்லை. நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் வெள்ளணுக்களே தாக்குகின்றன. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்–பார் நச்சுயிரித் தொற்றுக்குப்பின் இந்நோய் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. எனினும் நோய் வெளிப்படுங்காலத்தில் மருத்துவம் நச்சுயிரியை நோக்கியதன்று; வெள்ளணுக்களை நோக்கியது. அழற்சியைத் தணிப்பதால் ஐயத்துக்கிடமின்றிப் பயன் கிட்டும் மூளை நோய்களுள் இது முதன்மையானது.

அங்கும் விலை உண்டு. வெள்ளணுக்கள் இரத்த–மூளைத் தடுப்பைக் கடவாமல் தடுக்கும் நாட்டலிசுமாப் 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூன்று மாதங்களில், 2005 பிப்ரவரியில், விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. வெள்ளணுக்களின் காவல் நீங்கிய மூளையில், பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்கும் ஜேசி நச்சுயிரி விழித்து வெண்பொருளை அழித்ததே காரணம். கடும் கட்டுப்பாடுகளோடு அம்மருந்து 2006இல் மீண்டும் வந்தது. இச்சிக்கலுக்கு ஆளானவரின் குருதியைப் பிரித்து மருந்தை விரைந்து அகற்றுவதுண்டு. அப்போது, அதுவரை வெளியே தடுக்கப்பட்டிருந்த வெள்ளணுக்கள் நச்சுயிரி நிறைந்த மூளைக்குள் ஒருசேர நுழைகின்றன. நச்சுயிரியை ஒழிக்க அவை வேண்டும். அவை எழுப்பும் வீக்கமோ நோயாளியைக் கொல்லவும் கூடும். மீட்டுக்கொடுத்த எதிர்ப்பை உடனே அடக்க ஸ்டீராய்டு தருவது வழக்கம். எந்நாளில் தொடங்குவது, எவ்வளவு தருவது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே இம்மருந்தைத் தொடங்குமுன் குருதியில் ஜேசி நச்சுயிரிக்கான எதிர்ப்பொருள் உள்ளதா எனச் சோதிப்பதும், இருப்பின் வேறு மருந்தை நாடுவதோ குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதோ இன்று நடைமுறையாகியுள்ளன.